இரண்டாவது போனின் முதல் அழைப்பு

தென்காசியில் குழல்மொழி என்றொரு வரலாற்று ஆசிரியை இருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். ஆனால் வகுப்பின் கடைசி வரிசையில் யாராவது மிட்டாய்த் தாளைப் பிரித்தால், பிரித்தவர் பெயரைச் சொல்லி எழுப்பிவிடுவாள். அவளுடைய போனில் டாக்பேக் எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கும். விரல் எதைத் தொடுகிறதோ அதை வாய்விட்டுப் படிக்கிற வசதி அது. பாடம் படித்துக் காட்டுவது, ரூபாய்த் தாளை அடையாளம் சொல்வது, பேருந்து எந்த ஊரைத் தாண்டுகிறது என்று சொல்வது எல்லாம் அந்த ஒரே போன்தான். இத்தனை வேலையும் பார்த்த களைப்பில் மாலை நாலு மணிக்கெல்லாம் அதில் சார்ஜ் தீர்ந்துவிடும்.

ஒரு நாள் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது வழியிலேயே தீர்ந்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ஊரைக் கேட்டாள். அரைத் தூக்கத்தில் இருந்தவள், "தென்காசி வந்துட்டு" என்றாள். இறங்கிய பிறகுதான் காய்கறி மூட்டைகளின் வாசனை வந்தது. தென்காசிக்கு முன்னாலேயே வரும் காய்கறிச் சந்தை ஊர், பாவூர்சத்திரம்! அடுத்த பேருந்து பிடித்து வீடு வந்து சேர்ந்த குழல்மொழி, பைக்குள் இன்னொரு போன் இல்லாமல் இனி வெளியூர் போவதில்லை என்று முடிவு செய்தாள். விலை மட்டும் ஒன்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது.

யோசனை சொல்ல இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவர் அவள் பள்ளியின் கணக்கு ஆசிரியர் உலகநாதன். இன்னொருவன் ஜெபசீலன். பாளையங்கோட்டை விடுதியில் அவளோடு படித்தவன், அவனுக்கும் பார்வை இல்லை, இப்போது வங்கியில் வேலை பார்க்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் பேசவே, குழல்மொழி சிரித்துக்கொண்டு ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"யாரு சொல்லுத போனை நான் வாங்குதேனோ, அந்தப் போன்ல இருந்து முதல் கால் அவங்களுக்குத்தான்."

உலகநாதன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார். முப்பது மாடல்களை ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக அடித்து, கடைசியில் மூன்றே மூன்று பெயர்களை மிச்சம் வைத்தார். ஜெபசீலன் எந்தப் பெயரும் சொல்லவில்லை. "பேரு எதுக்கு? நாலு சோதனை சொல்லுதேன். நாலும் தேறுனா கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்றான். "அது ஒண்ணுதான் எனக்கு நல்லா வரும்" என்றாள் குழல்மொழி.

சனிக்கிழமை உலகநாதனும் அவளும் கடைக்குப் போனார்கள். ஜெபசீலன் பழைய போனின் ஸ்பீக்கரில் கூடவே இருந்தான். உலகநாதன் பட்டியலில் இருந்த மூன்று போன்களையும் எடுத்துக் காட்டியவள் மைமூன் என்ற விற்பனைப் பெண்.

முதல் போனில் ஒலி கூட்டும் குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தியதும் டாக்பேக் பேசியது. ஆனால் விரல் மூன்றாவது எழுத்துக்குப் போன பிறகுதான் முதல் எழுத்தைப் படித்தது. இரண்டாவது போன் விறுவிறுவென்று பேசியது, ஆனால் கைரேகை வைக்க இடமில்லை. முகத்தைக் காட்ட வேண்டும், அல்லது ரகசிய எண்ணைத் தட்ட வேண்டும். தட்டினால் பேருந்தே எட்டிப் பார்க்கும். மூன்றாவதில் எல்லாம் சரி. ஹெட்போன் செருகும் துளை மட்டும் இல்லை.

"புளூடூத் இருக்கே டீச்சர்" என்றார் உலகநாதன்.

"அதுல குரல் பிந்தி வரும் சார். அதுவும் சார்ஜ் தீந்தா நான் மறுபடியும் பாவூர்சத்திரத்துலதான் இறங்கணும்."

மூன்று பெட்டிகளும் மூடப்பட்டன. உலகநாதனின் முகம் வாடியது. குழல்மொழி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அப்போதுதான் மைமூன் வாய் திறந்தாள். "டீச்சர், ஒரு நிமிஷம்." மூன்று போன்களும் எங்கெங்கே தோற்றன என்பதை அவள் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழ்த்தட்டிலிருந்து ஒரு போனை எடுத்து, தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பொத்தானையும் துளையையும் தடவிப் பார்த்துவிட்டு நீட்டினாள். "போன வருஷத்துச் சரக்கு. திரை மங்கல்னு யாரும் வாங்க மாட்டேங்காங்க. இதை வித்தா எனக்குக் கமிஷனும் கிடையாது. ஆனா நீங்க கேட்டது எல்லாம் இதுல இருக்கு."

"திரை மங்கலா!" என்று குழல்மொழி சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது.

நான்கு சோதனைகள். விரலோடு விரலாகக் குரல் வந்தது. பக்கவாட்டில் கைரேகை. துளையில் ஹெட்போன் கச்சிதமாக உட்கார்ந்தது. கடையின் சிம்மைப் போட்டு மைமூன் அழைத்துப் பார்க்க, இரண்டு விரலால் இருமுறை தட்டியதும் அழைப்பை எடுத்தது. விலை எட்டாயிரத்து நானூறு. வாங்கிவிட்டாள். தன் சிம்மும் போட்டாயிற்று.

வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

"டீச்சர், இந்த மாடல் என்னோட முப்பதுல இருந்தது. திரை மங்கல்னு நான்தான் அடிச்சேன்" என்றார் உலகநாதன். "அதனால பட்டியல் என்னுதுதானே?"

"ஏ மொழி, என் சோதனை இல்லன்னா அந்த முதல் போனையே வாங்கிட்டு வந்திருப்ப" என்றான் ஜெபசீலன். "கடைக்காரப் பிள்ளையைக் கணக்குல சேக்காத. போனை எடுத்துக் காட்டுதது அதோட வேலை."

மைமூனோ, "எனக்கு எந்தக் காலும் வேண்டாம் டீச்சர், பில்லைப் பையில போடட்டுமா?" என்றாள்.

புதுப் போன் கையில் இருக்கிறது. கொடுத்த வாக்கும் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள்: முதல் அழைப்பு யாருக்குப் போவது நியாயம்?

விடை: மைமூனுக்கு. உலகநாதனின் உழைப்பு பெரிதுதான், ஆனால் இந்தப் போனை வேண்டாம் என்று சொன்னவர் அவர். ஜெபசீலன் எப்படிப்பட்ட போன் வேண்டும் என்று சொன்னான், எந்தப் போன் என்று சொல்லவில்லை. எடுத்துக் காட்டுவது மைமூனின் வேலை என்பதும் சரிதான். ஆனால் கமிஷன் இல்லாத ஒன்றை, கண்ணை மூடிப் பார்த்து எடுத்துக் கொடுக்கச் சொல்லி எந்த முதலாளியும் சம்பளம் கொடுப்பதில்லை. குழல்மொழியும் அப்படித்தான் நினைத்தாள். மைமூனிடம் எண்ணைக் கேட்டாள். அவள் தயங்கித் தயங்கிச் சொல்ல, ஒவ்வோர் இலக்கமாகத் தட்டினாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு போன் அலறியது. மைமூன் வெட்கத்தோடு எடுத்து, "ஹலோ, யாரு பேசுதது?" என்றாள். "எதுத்தாப்புலதான் நிக்கேன், ஏதாவது பேசு. குரல் தெளிவாக் கேக்குதான்னு பாக்கணும்" என்றாள் குழல்மொழி.