மேலாளர் கேட்ட தமிழ்

பல ஊர்களுக்கு வண்டி புறப்படும் ஒரு பேருந்து நிலையம். அங்கே மைக் பிடித்த திருநெல்வேலிக்காரன் பேச்சிமுத்து, எந்த ஊர் வண்டியோ அந்த ஊர்ப் பேச்சிலேயே ஆள் கூப்பிடுவான். புதிதாக வந்த மேலாளர் ரங்கசாமிக்கு அது பிடிக்கவில்லை.

"தஞ்சாவூர்ப் பேச்சாவது காதுக்கு இனிமை. உன் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டாலே தலை வலிக்கிறது. நாளை முதல் என்னைப் போல ஊர் வாடையே இல்லாமல் பேசு. ஒரு வண்டி காலியாகப் போனாலும் உனக்கு வேலை கிடையாது."

நாற்காலி கிடைத்தவனுக்கு மட்டும் ஊர் வாடை இருக்காதாம்!

"சரிய்யா, அப்படியே செஞ்சிருதேன்" என்றான் பேச்சிமுத்து.

மறுநாள், "பொள்ளாச்சி செல்லும் பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று வானொலிச் செய்திபோல வாசித்தான். ஒருவரும் தலை நிமிரவில்லை. புறப்பட ஐந்து நிமிடம்தான் இருந்தது. வண்டி காலியாக நின்றது. மேலாளர் மைக் அறைக்குள் பாய்ந்தார். பேச்சிமுத்து மைக்கை அவர் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தான்.

"ஏனப்பா, பொள்ளாச்சி வண்டி கெளம்பப் போகுது, ஒருத்தருமே ஏறுலியே! என்ற மானம் போகுதப்பா!"

மேலாளரின் கொங்குப் பேச்சு நிலையம் முழுக்க ஒலித்தது. நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். "நம்மூர்க்காரரு கூப்புடறாருங்கோ, ஏறுங்க!"

"பொள்ளாச்சி நெறஞ்சிட்டுய்யா" என்றான் பேச்சிமுத்து. "அடுத்தது நாகர்கோயில் வண்டி. அதயும் நீங்களே கூப்பிடுதியளா?"

மேலாளர் மைக்கை அவன் பக்கம் தள்ளிவிட்டு வெளியே நடந்தார்.