மீன்கள் தலை திருப்பிய நாள்

ஒரு காட்டில், ஆற்றோரப் பொந்து ஒன்றில், ஓர் இடத்தில் நிலைகொள்ளாத நீர்நாய் ஒன்று இருந்தது. தண்ணீரில் குதிக்கும், உடனே கரையேறும், உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மறுபடியும் குதிக்கும்.

"என்னப்பா இது, வயிற்றுக் கடுப்பா?" என்று கேட்டது பக்கத்துப் புதரில் குடியிருந்த கீரி.

"கடுப்புதான். ஆனால் வயிற்றில் இல்லை" என்றது நீர்நாய்.

குழந்தைகளே, விஷயம் இதுதான். அக்கரையில் ஒரு பாறைக்குன்று. அதன்மேல் ஓர் ஆராய்ச்சிக்கூடம். அங்கே சேர்ந்தவர்கள் ஐந்து வருடம் ஒரே ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டும். சாப்பாடும் அரை வயிற்றுக்குத்தான். சேர விரும்புகிறவர்கள் தங்கள் கேள்வியைத் தேக்கிலையில் நகத்தால் கீற வேண்டும். தங்களை நன்றாக அறிந்த இருவரின் கால்தடத்தை அதில் பதித்து வாங்க வேண்டும். பிறகு, ஆற்றின் குறுக்கே கிடக்கும் கற்களைத் தாண்டிப்போய் வாசலில் நிற்கும் நாரையிடம் கொடுக்க வேண்டும். முதல் மழையில் அந்தக் கற்கள் மூழ்கினால் அந்த வருடத்துக்குக் கதவு சாத்தப்படும். ஏழு கோடைக்கு மேல் கண்டவர்களைச் சேர்ப்பதில்லை.

நீர்நாய்க்கு இது ஏழாவது கோடை.

"இன்னுமா இலையைக் கொடுக்கவில்லை நீ?" என்றது கீரி.

"கேள்வி இருக்கிறது, பதில் தெரியவில்லையே! வெறும் கேள்வியோடு போய் நின்றால் சிரிக்க மாட்டார்களா? போன வருடமும் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதற்கு முந்தின வருடமும்."

"அப்படி என்ன பெரிய கேள்வி?"

"முதல் மழைக்கு முந்தின நாள் மீன்களெல்லாம் மேலாற்றுப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது. மழை வரப்போவது அவற்றுக்கு எப்படித் தெரிகிறது?"

"தலை எந்தப் பக்கம் இருந்தால் உனக்கென்ன? வாலைப் பிடித்துத் தின்ன வேண்டியதுதானே!"

மேலே கிளையில் கலகலவென்று சிரிப்புச் சத்தம். குரங்கு!

"பதில் இல்லாத இலையா? அதில் மீனை வைத்துச் சாப்பிடு! இதோ, என் இலையைப் பார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் முன்னும் பின்னும் எழுதியிருக்கிறேன். பதினொரு கால்தடம். புலியுடையதுகூட இருக்கிறது!"

"புலிக்கு உன்னைத் தெரியுமா?" என்றது கீரி.

"அது தூங்கும்போது எடுத்தேன். யானையின் தடம் ஒன்றுதான் பாக்கி. நாளைக்கு யானை இந்தப் பக்கம் வரும். வாங்கிக்கொண்டு நிதானமாகப் போவேன். வானத்தைப் பார், துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. பத்து நாளைக்கு மழை கிடையாது."

நீர்நாய் முகத்தை மறைத்துக்கொள்ளத் தண்ணீரில் மூழ்கியது.

மூழ்கியது, அப்படியே நின்றுவிட்டது.

கெண்டை, கெளுத்தி, அயிரை, ஒன்று விடாமல் எல்லா மீன்களும் மேலாற்றுப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றன.

நாளைக்கு மழை!

பதிலுக்குக் காத்திருந்தால் கற்கள் மூழ்கிவிடும். எட்டாவது கோடையில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். பிறகு சாகிறவரை இந்தக் கரைக்கும் தண்ணீருக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கரையேறி ஓர் இலையைப் பறித்தது. பரபரவென்று கேள்வியைக் கீறியது. கீரி சேற்றில் காலை நனைத்துப் பதித்தது. "இன்னொரு தடத்துக்கு எங்கே போவாய்?"

"நான் தருகிறேன்" என்று ஒரு குரல். பாறை இடுக்கிலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது. "ஆனால் இன்றைக்கு என்னைத் தின்னக் கூடாது."

"என்னைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?"

"நன்றாகச் சொன்னாய் போ! இரண்டு தடவை என்னைப் பிடித்தாய். இரண்டு தடவையும் காலை எண்ணிப் பார்த்துவிட்டு, தின்ன மறந்து போய்விட்டாய். உன்னை என்னைவிட யாருக்குத் தெரியும்?"

மாலையில் நீர்நாய் இரைக்க இரைக்க வாசலில் வந்து நின்றது. நாரை இலையை வாங்கிப் பார்த்தது.

"பதில் எங்கே?"

"தெரியாது."

"எத்தனை நாளாகத் தெரியாது?"

"மூன்று கோடையாக."

"அது சரி, ஏன் இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தாய்? வானம்தான் வெளுத்துக் கிடக்கிறதே."

"நாளைக்கு மழை. மீன்கள் தலையைத் திருப்பிவிட்டன."

"மீன்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதானே தெரியவில்லை என்கிறேன்!" என்று நீர்நாய் கத்தியே விட்டது.

நாரை அந்த இலையைத் தனியே வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லையும் தூக்கி வைத்தது. "உள்ளே வா" என்றது.

மறுநாள் உச்சிப்பொழுதில் மழை கொட்டியது. கற்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. இக்கரையில், இலையைத் தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு குரங்கு குதித்தது. "யானை வந்துவிட்டது! ஒரே ஒரு நிமிடம்!" அதற்குள் பன்னிரண்டு தடங்களும் கரைந்து அதன் மூக்கில் வழிந்தன.

நாரை கதவைச் சாத்தத் திரும்பியது. வாசலில் நீர்நாய் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தது.

"சேர்த்தாயிற்றே, இன்னும் என்ன தவிப்பு?"

"மீன்கள் மேலே ஏறுகின்றன. போய்ப் பார்க்கட்டுமா?"

"அதற்குத்தானே உன்னைச் சேர்த்தது. ஓடு!"

நீர்நாய் குதித்தது. அன்று பொழுது சாயும்வரை அது கரையேறவே இல்லை.

நீதி: பதில் தெரிந்த பிறகு புறப்படலாம் என்று காத்திருக்காதே, தெரியவில்லை என்ற தவிப்பே புறப்படப் போதும்.