இடக்கண்ணின் கீழ் ஒரு வீக்கம்

முதலில் அறிய வேண்டியவை: குளவி கொட்டினாலும், சண்டையில் நகம் பட்டாலும், உள்ளே கட்டி வளர்ந்தாலும் பூனையின் கண்ணைச் சுற்றி வீங்கும். பார்வைக்கு எல்லா வீக்கமும் ஒன்றுபோலவே இருக்கும்.

காயற்கரையில் மாசாத்தி நடத்திய விலங்கு மருத்துவச்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. நோயுற்ற இடம் மட்டும் தெரியும்படி, துளையிட்ட வெள்ளைத் துணியால் விலங்கை மூடிவிடுவார்கள். மருத்துவரின் மனம் சிதறக் கூடாது என்பதற்காக.

அன்று மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிட்டது. அறை மெல்ல மிதந்துகொண்டிருப்பதாக மாணவன் சேந்தனுக்குத் தோன்றியது.

துணியின் துளையில் வீங்கிய கண் ஒன்று இருந்தது. அது ஒரு பூனையின் கண் என்பதையே அவன் மறந்திருந்தான்.

"அம்மா, விடிந்ததிலிருந்து பார்க்கிறேன். கொட்டிய தடம் இல்லை. கீறல் இல்லை. ஆகவே கட்டிதான். கண்ணை எடுத்துவிடுவோம், உயிராவது மிஞ்சும்."

வாசலில் நின்ற மீன்காரி கொற்றி, பூனைக்கு உரியவள், கூடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கண்ணில் ஒன்றும் கிடைக்காவிட்டால் மற்றதையும் கேட்பீர்களோ, ஐயா?"

சேந்தன் கத்தியைக் கையில் எடுத்தான்.

மாசாத்தி அருகில் வந்தாள்.

"கத்தி ஆயத்தமா?"

"ஆயத்தம்."

"எதைப் பார்த்தாய்?"

"வீக்கத்தை."

"வேறு?"

"வேறெதையும் பார்க்கலாகாது என்று தாங்கள்தாமே கற்பித்தீர்கள்?"

"நான்தான்" என்றாள் மாசாத்தி. துணியை உருவினாள்.

பனிக்குள்ளிருந்து வெளிப்படுவதைப் போல முழுப் பூனை ஒன்று தோன்றியது. காதுகள், மீசை, மெலிந்த விலா. தன்னை யாரோ இப்போதுதான் படைத்தார்கள் என்பதுபோல் அது சுற்றிலும் பார்த்தது.

மாசாத்தி கூடையிலிருந்து ஒரு மத்தி மீனை எடுத்து அதன்முன் வைத்தாள்.

"வீண் வேலை, அம்மா" என்றாள் கொற்றி. "முன்பெல்லாம் நான் வலையை உதறுவதற்குள் பாதியைத் திருடிவிடும். இப்போது முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது."

பூனை முகர்ந்தது. பிறகு மீனைக் கவ்வி, தலையை வலப்புறம் சாய்த்து, அந்தப் பக்கமாகவே மென்றது. துண்டு இடப்புறம் நகர்ந்ததும் வெடுக்கென்று உதறியது.

மறுபடி எடுத்தது. மறுபடி உதறியது.

சேந்தன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அம்மா, வாயைத் திறந்து பார்க்கலாமா?"

"என்னை ஏன் கேட்கிறாய்? கடிக்கப்போவது அதுதான்."

பின்னர் உறுதியானவை இவை. இடப்பக்க மேல்வரிசைக் கடைவாய்ப்பல் பிளந்திருந்தது. அதன் வேரில் கட்டிய சீழே கண்ணின் கீழ் வீங்கி நின்றது. பல் போனது, கண் தங்கியது. பூனை மீண்டும் திருடுகிறது என்று கொற்றி மலர்ந்த முகத்துடன் முறையிட்டாள்.

மழைக்காலம் தொடங்கியபின் இன்னொரு பூனை வந்தது. அதே இடத்தில் அதே வீக்கம்.

சேந்தன் வேறெதையும் பாராமல், தயங்காமல் அதன் வாயைத் திறந்தான்.

பற்கள் எல்லாம் குறையின்றி இருந்தன.