கரிச்சி எருமையும் புளிப் பத்தும்

காலை மடக்குடா. அந்தத் தலையாணியை இந்தப் பக்கம் தள்ளு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மனுசர் செத்த கண்ணசரலாம்னா விடுறியா நீ? ஒரே கதைதான் சொல்லுவேன். அதுவும் நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னுச்சுன்னா மருமகன் தூங்கிட்டான்னு நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா. அடுப்படியில இந்த அத்தைக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு.

ஒரு ஊர்ல ஒரு எருமை இருந்துச்சாம்.

என்ன சிரிப்பு? எப்பப் பாத்தாலும் ராஜாவே இருக்கணுமா? அந்த ஊர்ல ராஜா இல்லை, எருமைதான் இருந்துச்சு. பேரு கரிச்சி. நல்லா மினுமினுன்னு கறுப்பா, கொம்பு ரெண்டும் வளைஞ்சு, கண்ணு மட்டும் சாந்தமா இருக்கும். அதுக்கு ஒரு கன்னுக்குட்டி. அதை வளத்தவ பேரு சீனியம்மா. சீனியம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்போ, அவ அம்மா வீட்டுல சீரு கொடுத்ததே இந்தக் கரிச்சியத்தான். அப்போ அது சின்னக் குட்டி. பொண்ணு வண்டியில வர, இது பின்னாடியே துள்ளித் துள்ளி நடந்து வந்துச்சாம். புது ஊர்ல அவளுக்குத் தெரிஞ்ச முகம்னா அது ஒண்ணுதான்.

ம் சொல்லு. ஆங்.

சீனியம்மா நல்லவதான். ஆனா அவசரக்காரி. எந்நேரமும் கால்ல சுடுதண்ணி ஊத்திக்கிட்ட மாதிரி நிப்பா. விடிஞ்சதும் தடதடதடன்னு ஓட்டம். தொட்டிக்கு ஓடுவா, அடுப்புக்கு ஓடுவா, தெருவுக்கு ஓடுவா. கஞ்சியை நின்னுக்கிட்டே மடக் மடக்னு ஊத்திக்குவா, பாதி வாயில, பாதி சேலையில. தலையை வாரிக்கிட்டே கூட்டுவா. ராத்திரி படுத்தாலும் கண்ணு மூடாது. நாளைக்கு என்ன, நாளைக்கு என்னன்னு நெஞ்சு திக்கு திக்குனு அடிச்சுக்கிட்டே கிடக்கும். எதிர்வீட்டு இருளாயி கேப்பா, "ஏண்டி, பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லுவாகளே, உனக்கு யாரும் சொல்லலையா?"ன்னு. இவ, "கேக்க நேரமில்லக்கா"ன்னு சொல்லிக்கிட்டே ஓடிருவா.

அப்புறம் என்னாச்சு? தெருவுல நாலு வீட்டுக்குப் பால் ஊத்திக்கிட்டு இருந்தவ, பத்து வீட்டுக்கு ஊத்த ஒத்துக்கிட்டா. அப்போ ஓட்டம் இன்னும் கூடிருச்சு. கறக்க உக்காந்தாலும் கண்ணு தெருப்பக்கந்தான். கன்னுக்குட்டி ரெண்டு வாய் குடிக்கிறதுக்குள்ள வெடுக்குனு இழுத்துக் கட்டிருவா. மடியைக் கழுவுனமா இல்லையான்னு இருக்கும், சரக் சரக்னு இழுப்பா. வேளைக்கு ரெண்டு செம்பு கறந்த கரிச்சி ஒரு செம்பு கறந்துச்சு. அப்புறம் அரைச் செம்பு. அப்புறம் ஒருநாள், செம்போட அடி கூட நனையலை.

சீனியம்மா புருசன் அழகுமலை கோவக்காரன். "வர்ற அமாவாசை கழிச்சு வெள்ளிக்கிழமை சந்தை. அதுக்குள்ள கறந்தா வீட்டுல நிக்கட்டும். கறக்கலைன்னா தரகரைக் கூப்பிட்டு ஓட்டி விட்டுருவேன்"னுட்டான்.

கறக்காத எருமையைச் சந்தைக்கு ஓட்டுனா எங்க போகும்? அதெல்லாம் கேக்காதடா. போயிரும், அம்புட்டுத்தான். திரும்பி வராது. சீனியம்மாவுக்குக் கரிச்சி இல்லாத மாட்டுக் கொட்டத்தை நெனைச்சாலே அழுகை அழுகையா வந்துச்சு.

ம். சரி.

மொதல்ல என்ன பண்ணுனா? தீனி பத்தலை போலன்னு பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ரெண்டு பங்கா அள்ளிக் கொட்டுனா. கரிச்சி நொறுக் நொறுக்குனு எல்லாத்தையும் தின்னுச்சு. தின்னுட்டு ஏவ்வ்வ்னு ஒரு ஏப்பம் விட்டுச்சு. பால்? ஒரு சொட்டு இல்லை.

அப்புறம், யாரோ கண்ணு வச்சுட்டாகன்னு மொளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போட்டா. வீடெல்லாம் நெடி. கரிச்சி ப்புர்ர்ர்னு தும்முச்சு பாரு, சீனியம்மா மூஞ்சியெல்லாம் சளி. அப்பவும் பால் இல்லை.

மூணாவதா, அழகுமலை சொன்னான்னு பின்னங்கால் ரெண்டையும் கயித்தால கட்டிக் கறக்கப் பாத்தா. கரிச்சி இதுவரைக்கும் யாரையும் ஒதைச்சதில்லை. அன்னைக்குக் கயித்தை முடியுறதுக்குள்ள விட்டுச்சு ஒரு ஒதை. டங்! செம்பு ஒரு பக்கம் உருளுது. இவ அதைப் பிடிக்க ஓடுனா. சாணியில சர்ர்ர்ருனு வழுக்கி, தொப்புன்னு விழுந்தா. "ஆத்தாடி!"ன்னு ஒரே கத்து. கணுக்கால் பொசுபொசுன்னு வீங்கிருச்சு.

பாவமா? பாவந்தான். வெந்நீர் ஊத்துன கால் மாதிரி ஓடுனா வேற என்னாகும்.

இருளாயி வந்து பாத்துட்டு, புளியைக் கரைச்சு உப்புப் போட்டுக் களி மாதிரி காய்ச்சி, சூட்டோட கணுக்கால்ல தடவித் துணி சுத்திவிட்டா. சுளுக்குக்கு நம்ம பக்கம் அதுதானே வைத்தியம், புளிப் பத்து. "நாலு நாளைக்கு ஓடாதடி"ன்னு சொல்லிட்டுப் போனா. ஓடுறதாவது, நடக்கவே முடியலை.

மறுநாள் காலையில, சீனியம்மா கம்பை ஊண்டிக்கிட்டு டொக்... டொக்...னு கொட்டத்துக்கு வந்தா. தொட்டிகிட்ட வர்றதுக்குள்ள வலி தாங்கலை. நின்னு முகத்துல தண்ணி அடிச்சுக்கிட்டா. அப்புறம் கரிச்சி பக்கத்துல சாக்கை விரிச்சு உக்காந்தா. உக்காந்தவளுக்கு எந்திரிக்க முடியலை. சரி, கஞ்சியை இங்கேயே குடிச்சுருவோம்னு இருளாயிகிட்ட கொண்டு வரச் சொல்லி, ஒரு வாய் கஞ்சி, ஒரு கடி வெங்காயம்னு மெல்லக் குடிச்சா. கன்னுக்குட்டியைப் பிடிச்சு இழுக்கவும் தெம்பில்லை. அது பாட்டுக்குச் சப்பு சப்புன்னு குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் கையை மடியில வச்சா பாரு, சொட்டு... சொட்டு... சர்ர்ர்ர், சர்ர்ர்ர்! ரெண்டு செம்பு நுரை தள்ளி நிக்குது.

நாலு நாளும் அப்படியே கறந்துச்சு. ராத்திரி அவளுக்குத் தூக்கமும் வந்துச்சு. ஆனா அவ அதைக் கவனிக்கலை. கிறுக்கி, என்ன நெனைச்சா தெரியுமா? நீ சொல்லு பாப்போம்.

தெரியலையா? கரிச்சிக்குப் புளி வாசம் பிடிச்சிருக்குன்னு நெனைச்சா! "நாலு நாளாப் புளிப் பத்தோட போறேன், அதான் பால் விடுது. அடடா, இது தெரியாமப் பருத்திக்கொட்டையைக் கொட்டுனேனே"ன்னு.

சிரி சிரி. நம்ம எல்லாரும் அப்படித்தான். எது நல்லது பண்ணுச்சுன்னு தெரியாம வேற எதையோ பிடிச்சுக்குவோம். உங்கப்பன் பரீட்சைக்கு ராசின்னு ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனானே, அந்த மாதிரி.

அப்புறம் கால் வீக்கம் வடிஞ்சிருச்சு. ஆனா சீனியம்மா பத்தை எடுக்கலை. பத்துப் போட்ட காலோட மறுபடியும் தடதடதடன்னு ஓட ஆரம்பிச்சா. நாலு நாளா விட்டுப்போன வீட்டுக்கெல்லாம் பால் ஊத்தணும்ல. அன்னைக்குக் கரிச்சி பால் விடலை. "பத்துப் பத்தலை போல"ன்னு மறுநாள் ரெண்டு கால்லயும் போட்டா. விடலை. அதுக்கு மறுநாள் கரிச்சி முதுகுல கொம்புலன்னு சட்டி நிறையப் புளியைக் காய்ச்சித் தடவுனா. ஈ மொய்ச்சுச்சே தவிர, பால் வரலை. வீட்டுல ரசத்துக்குப் புளி இல்லை.

அழகுமலை பாத்தான். "நாலு நாள் போக்கு காட்டிட்டு மறுபடி மடியை இறுக்கிருச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. தரகரை வரச் சொல்லிட்டு வாரேன்"னு துண்டை உதறிப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டான்.

தூங்கிட்டியா? இல்லையா. ம்.

அன்னைக்குச் சாயங்காலம் சீனியம்மா கரிச்சி மேல இருந்த புளியெல்லாம் தண்ணி ஊத்திக் கழுவி விட்டா. இனிமே செய்யுறதுக்கு ஒண்ணுமே இல்லை. ஓடுறதுக்கும் எடமில்லை. பக்கத்துல சாக்குல உக்காந்து, அது முன்னங்கால்ல தலையைச் சாச்சுக்கிட்டு அழுதா. "உன்னைக் கூட்டிட்டு வந்து இப்படிப் பண்ணிட்டேனேடி. நாளைக்கு ஓட்டிட்டுப் போயிருவாகளே. நான் யாருகிட்டடி பேசுவேன்?"னு அழுதா. கரிச்சி அசை போட்டுக்கிட்டு நின்னுச்சு. சவக்... சவக்... சவக்... அதைக் கேட்டுக்கிட்டே இருந்தாளா, அழுகை அடங்குச்சு. மூச்சும் அதுகூடவே மெல்ல மெல்ல வந்துச்சு, போச்சு.

அப்போ கன்னுக்குட்டி கட்டை அவுத்துக்கிட்டு வந்து மடியில முட்டுச்சு. இவ இழுத்துக் கட்டாமப் பாத்துக்கிட்டு இருந்தா. செத்த நேரம் கழிச்சு அது தலையைத் தூக்குது, வாயெல்லாம் வெள்ளை நுரை!

"அடி கரிச்சி! அப்போ பால் இருக்கு. எனக்குத்தான் நீ தரலை!"

அப்புறம் உக்காந்து யோசிச்சா. அந்த நாலு நாளும் நான் என்ன பண்ணுனேன்? ஒண்ணும் பண்ணலையே. கால் வலியில மெல்ல நடந்தேன். முகத்துல தண்ணி அடிச்சேன். உக்காந்து கஞ்சி குடிச்சேன். கன்னுக்குட்டியைக் குடிக்க விட்டேன். அம்புட்டுத்தானே? அம்புட்டுத்தானான்னு அவளுக்கே நம்ப முடியலை.

விடிஞ்சுச்சு, வெள்ளிக்கிழமை. தரகர் காசிமாயன் கையில கயிறோட வந்துட்டாரு. வந்ததும் வராததுமா கரிச்சி முதுகுல பட்டுனு ஒரு தட்டு. "ஏத்த வண்டி நிக்குது, அவுத்து விடுங்க, அவுத்து விடுங்க"ன்னு பறக்குறாரு. கரிச்சி மிரண்டு போயி பாலை விடாம மடியை எக்கிக்கிட்டு நிக்குது.

சீனியம்மாவுக்கு நெஞ்சு திக்கு திக்குனு அடிக்குது. காலு, ஓடு ஓடுங்குது. ஆனா ஓடலை. மெல்ல நடந்து தொட்டிக்குப் போனா. முகத்துல மூணு கை தண்ணி. "அண்ணே, சத்தம் போடாம அந்தக் கல்லுல செத்த உக்காருங்க. ஒரு தடவை கறந்து பாத்துக்கிறேன்"னா. கன்னுக்குட்டியை அவுத்து விட்டா. சாக்கை விரிச்சா. உக்காந்து கஞ்சிச் சட்டியை எடுத்தா.

அழகுமலைக்கு வந்துச்சு பாரு கோவம்! "ஏ புள்ள, எருமை வீட்டை விட்டுப் போகப்போகுது, நீ கஞ்சி குடிக்கிறியா?"

"ஆமா. நான் கஞ்சி குடிச்சாத்தான் அது கறக்கும். நீங்களும் பேசாம இருங்க"ன்னா. கல்யாணமான நாள்ல இருந்து அவ அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் ரெண்டடி தள்ளிப் போயி நின்னான்.

ஒரு வாய் கஞ்சி. ஒரு கடி வெங்காயம். கரிச்சி சவக்... சவக்...னு அசை போட ஆரம்பிச்சுச்சு. இவ மூச்சும் மெல்ல வந்துச்சு. தரகருக்கே அங்க உக்காந்து கொட்டாவி வந்துருச்சாம். அப்புறம் சட்டியைக் கீழ வச்சுட்டு, மடியைக் கழுவி, செம்பை முழங்கால் இடுக்குல வச்சா. சொட்டு... சொட்டு... ஒண்ணையும் காணோம்... அப்புறம் சர்ர்ர்ர்! சர்ர்ர்ர்! சர்ர்ர்ர்!

ரெண்டு செம்பு நிறைஞ்சு, மூணாவது செம்பு தேட வேண்டியதாப் போச்சு. காசிமாயன் கயித்தைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, "இதைப் போயி விக்கிறேன்னு வரச் சொன்னியே, உனக்குப் புத்தி இருக்காய்யா?"ன்னு அழகுமலையை ஒரு வாங்கு வாங்கிட்டுப் போயிட்டாரு. சீனியம்மா கரிச்சியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மறுபடியும் அழுதா. இது சந்தோச அழுகை.

அதுக்கப்புறம் பத்து வீட்டுல அஞ்சு வீட்டுக்கு, "இனிமே முடியாதும்மா"ன்னுட்டா. தெனமும் அதே மாதிரி தண்ணி, சாக்கு, கஞ்சி. என்னைக்காவது பழைய நெனைப்புல ஓடுனான்னு வையி, கரிச்சி மடியை எக்கிரும். "சரிடி, சரிடி, உக்காந்துட்டேன்"னு இவ உக்காந்துருவா.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். கறக்க அழகுமலை போனான். விறுவிறுன்னு போனான், சரக் சரக்னு இழுத்தான். கரிச்சி திரும்பி ஒரு பார்வை பாத்துச்சு. ஒரு சொட்டு இல்லை. அவன் வெறும் செம்போட நின்னுக்கிட்டு, வாசல்ல போத்திக்கிட்டு இருந்த பொண்டாட்டியைப் பாத்தான். அவ மெல்ல எந்திரிச்சு வந்தா. திட்டலை. சிரிக்கலை. சாக்கை விரிச்சு உக்காந்து, கொஞ்சம் தள்ளி எடம் விட்டா. "உக்காருங்க"ன்னா.

அவனும் உக்காந்தான். ஒரே சட்டியில இருந்து ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சாக. அவுகளுக்குக் கல்யாணமாகி ஒம்போது வருசம்டா. புருசனும் பொண்டாட்டியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரு வாய் கஞ்சி குடிச்சது அன்னைக்குத்தான். கஞ்சி தீந்து போச்சு. ரெண்டு பேரும் எந்திரிக்கலை.

ம்? ...ம் சொல்லுடா. ...அட, "ம்" நின்னு போச்சு.

கரிச்சியும் படுத்துருச்சு, கன்னுக்குட்டியும் படுத்துருச்சு, கதையும் காலை நீட்டிருச்சு. நீ தூங்குடா என் ராசா. பாத்திரம் எங்க போயிரப் போகுது, கிடக்கட்டும். அத்தையும் செத்த இங்கேயே இருக்கேன்.