ஏழு வாரமா, ஆறு வாரமா

"ஏழு வாரமா, ஆறு வாரமா? எதில் என் குரல் பிழைக்கும் தாயி?"

அம்பலவாண ஓதுவார் இதே கேள்வியோடு மூன்றாம் முறையாக வந்து உட்கார்ந்தார். தொண்டையில் புற்று. முப்பது வருஷமாகக் கோயிலில் சாயங்கால பூஜைக்குப் பதிகம் பாடிய தொண்டை.

டாக்டர் ரமீஜாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவள் எதிரில் வாய் பொத்தித்தான் பேசுவார். இந்த விஷயத்தில் அவள்தான் தனக்குக் குரு என்று முடிவு கட்டியிருந்தார். சொன்னதைக் கேட்க மட்டும் மாட்டார்.

"ரெண்டுலயும் முப்பத்தஞ்சு தடவை கதிர்வீச்சு, அதாவது கரண்ட்தான் ஐயா. ஏழு வாரம்னா வாரத்துக்கு அஞ்சு நாள். ஆறு வாரம்னா ஆறு நாள், கடைசி வாரம் மட்டும் அஞ்சு. கீமோவும் சேர்த்துக் கொடுக்கும்போது பலன் ஏறக்குறைய ஒண்ணுதான். அன்னைக்கே சொன்னேனே."

"ஏறக்குறையன்னா? எதில் ஏற, எதில் குறைய?"

மனுஷர் வெறுங்கையோடு வரவில்லை. மருமகன் தேடி எடுத்துக் கொடுத்த தாள்கள் ஒரு கட்டு மடியில் இருந்தன. இதில் வாய்ப்புண் அதிகம், அதில் நாள் அதிகம் என்று சிவப்பு மையில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். ஒன்றைத் தொட்டால் மற்றது நல்லதாகத் தெரிந்தது, பாவம்.

"எனக்கு வேற ஆசை இல்லை தாயி. பூஜை மணி கேட்டா மனசு கிடந்து தவிக்குது. சாமி முன்னால நின்னு இன்னும் ஒரே ஒரு தடவை முழுப் பதிகமும் பாடணும். அவ்வளவுதான்."

ரமீஜா தாள்களை வாங்கவில்லை. நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பாடுங்க. கேட்கிறேன்."

"இங்கேயா?"

"இங்கேதான்."

ஓதுவார் கண்ணை மூடித் தொடங்கினார். முதல் பாட்டு கரகரத்து வந்தது. இரண்டாம் பாட்டின் நடுவில் வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றார். வரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"முதல் தடவை இந்தக் கேள்வியோட வந்தீங்களே, அந்த வாரம் எத்தனை பாட்டு பாடினீங்க ஐயா?"

"பத்தும்."

"ரெண்டாம் தடவை வந்தப்போ?"

"அஞ்சு... அஞ்சரை."

வெளியே யாரோ அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஓதுவார் மடியில் இருந்த தாள்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டோடு எடுத்துத் தரையில் வைத்தார்.

"ரெண்டுல எது தாயி நாளைக்கே ஆரம்பிக்கும்?"