மூணு நாள் சேனைத்தண்ணி

எங்கேயோ ஒரு சீமையில பூவரசங்காடுன்னு ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊருக்கு மாறப்பன்னு ஒரு ராஜா இருந்தாராம், அந்த ராஜாவுக்கு ஒரு ராணி இருந்தாளாம். ராணின்னா நீங்க நினைக்கிற மாதிரி பல்லக்குல வந்த ராணி இல்ல. மாட்டுப் பட்டியில பொறந்து, சாணி அள்ளி, கன்னுக்குட்டிகளோட உருண்டு பொரண்டு வளர்ந்தவ. பேரு காராயி. வேட்டைக்குப் போன ராஜாவுக்குத் தாகத்துக்கு மோர் குடுத்தா. அவரு மோரையும் குடிச்சுட்டு, மனசையும் அங்கேயே விட்டுட்டு, அப்புறம் மேளம் கொட்டி அவளையே கூட்டிட்டு வந்துட்டார். அரண்மனைக்காரங்க சும்மா இருப்பாங்களா? "பட்டிக்காட்டு ராணி, ஒரு எழவும் தெரியாது"ன்னு முதுகுக்குப் பின்னால ஒரே சிரிப்பு. அவளுக்கு மாட்டுப் பேச்சு புரியுங்கிறது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. ஏய், யாரு சிரிக்கிறது? அந்தக் காலத்துல மாடெல்லாம் பேசும், கேக்கத்தான் ஆளு இருக்காது.

அந்த அரண்மனையில அமிர்தலிங்கம்னு ஒருத்தர். குழந்தை பொறந்ததும் நாக்குல சர்க்கரைத்தண்ணி தொட்டு வைப்பாங்கல்ல, சேனை வைக்கிறதுன்னு, அதுதான் அவருக்கு உத்தியோகம். வேற ஒரு வேலையும் கிடையாது, ஆனா மிடுக்கப் பாத்தா ராஜாவே அவருகிட்ட கைகட்டி நிக்கணும். "காலையில மூணு சொட்டு, மத்தியானம் மூணு சொட்டு, சாயங்காலம் மூணு சொட்டு. மூணு நாளைக்கு என் சேனைத்தண்ணி மட்டுந்தான். தாய்க்கு முதல்ல சுரக்குற மஞ்சப்பால், அதான் சீம்பால், கெட்டது. பீச்சிச் செவத்துல அடிச்சிரணும்"ம்பார். அரண்மனையில செய்யிறதப் பாத்துக் குடிசையிலயும் அதையே செஞ்சாங்க. எத்தனையோ பச்சப்புள்ளைங்க மூணாம் நாள் துவண்டு போய்க் கண்ண மூடிரும். "நமக்குக் குடுத்து வைக்கல"ன்னு அழுதுட்டு, அதோட விட்டுருவாங்க.

காராயிக்கும் முதல்ல ஒரு பொம்பளப்புள்ள பொறந்துச்சு. அதுவும் மூணாம் நாள் போயிருச்சு. பேருகூட வைக்கல. அன்னிக்கே அவ மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டுதான் இருந்துச்சு, ஆனா ராஜா வீட்டு வழக்கம், பட்டிக்காரிக்கு என்ன தெரியும்னு வாய மூடிக்கிட்டா. அத நினைச்சு நினைச்சு ரெண்டு வருஷம் அவ தலைக்கு ஒழுங்கா எண்ணெய்கூட வைக்கலயாம், பாவம்.

அப்புறம் மறுபடி மாசமானா. ஒரு ஆம்பளப்புள்ள பொறந்தான், கையில புடிச்சா கையளவு. அன்னிக்குன்னு பாத்து, அவ படுத்திருந்த அறைக்குப் பின்னால இருந்த தொழுவத்துல செவலைப் பசுவும் ஒரு கன்னு போட்டுச்சு. காராயி ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருக்கா. பால்காரன் குடத்தைத் தூக்கிட்டு வந்தான், சீம்பால் கறக்க. செவலை விட்டுச்சு பாருங்க ஒரு உதை, குடம் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். மறுபடி வந்தான், மறுபடி உதை. மூணாவது தடவ ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வந்தான். அதுக்குள்ள கன்னுக்குட்டி முட்டி முட்டி வயிறு முட்டக் குடிச்சிருச்சு. மிச்சம் இருந்ததத்தான் கறந்துட்டுப் போனாங்க. சாயங்காலம் பாத்தா கன்னு வாலைத் தூக்கிக்கிட்டுத் தொழுவமெல்லாம் ஓடுது. இங்க இவ புள்ள ஒதடு காஞ்சு போய், அழக்கூடத் தெம்பில்லாம முனகுறான்.

"ஏன் செவலை அப்படி உதைச்ச?"ன்னு காராயி கேட்டா.

"பின்ன என்ன ஆத்தா? என் புள்ளைக்குன்னு ஊறுனத எவனோ கொண்டுபோனா பாத்துக்கிட்டு நிப்பேனா? ஆமா, நீ எதுக்குச் சும்மா படுத்திருக்க? உனக்குக் காலு இல்லயா?"

காராயிக்குச் சுருக்குன்னுச்சு. அப்பப் பாத்து வாசல்ல ஏலக்காய் வாசன, வெல்ல வாசன. எட்டிப் பாத்தா, அமிர்தலிங்கம் சம்மணம் போட்டு உக்காந்து, செவலையோட சீம்பாலைக் காய்ச்சி வெல்லம் போட்டு, இலைய வழிச்சு நக்கிக்கிட்டு இருக்கார்.

"என்னய்யா சாப்பிடுறீங்க?"

"சீம்பால் ராணிம்மா! உடம்புக்கு அவ்வளவு நல்லது. எலும்புக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது."

"மாட்டுச் சீம்பால் உங்களுக்கு நல்லது, என் சீம்பால் என் புள்ளைக்குக் கெட்டதா?"

"அது வேற, இது வேற ராணிம்மா. அதெல்லாம் பட்டிக்காட்டு ஆளுங்களுக்குப் புரியாது"ன்னுட்டு, ஏப்பம் விட்டு, ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டு, அதே விரலைச் சேனைத்தண்ணியில முக்கிக்கிட்டுப் புள்ளைகிட்ட வந்தார். த்தூ! அந்த விரலைக் கழுவுனாராங்கிறீங்க? கழுவவே இல்ல.

காராயி புள்ளைய வாரி எடுத்தா, அவர வெளிய தள்ளுனா, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டா. மார்ல போட்டுக்கிட்டா. முதல்ல அந்தப் பயலுக்குப் புடிக்கத் தெரியல, நழுவிப் போகுது. "குடிடா என் ராசா, இது உனக்குன்னு வந்ததுடா"ன்னு கன்னத்தைத் தடவித் தடவி வச்சா. அப்புறம் ஒரு இழு இழுத்தான் பாருங்க. மஞ்சளா, கெட்டியா, சொட்டுச் சொட்டா வந்துச்சு, அதை விழுங்குற சத்தம் கேட்டதும் அவ ஏங்கி ஏங்கி அழுதுட்டா.

அமிர்தலிங்கம் ராஜாகிட்ட ஓடினார். "ராணி புள்ளைக்கு விஷத்தக் குடுக்கிறாங்க"ன்னார். ராஜா வந்து கதவைத் தட்டினார்.

"காராயி, கதவைத் தொற."

"தொறக்க மாட்டேன்."

மறுநாள் வந்து தட்டினார். "என் புள்ள காராயி, எனக்குப் பயமா இருக்கு, தொற."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா தொறக்க மாட்டேன். போன தடவ எல்லாரும் சொன்னத நான் கேட்டேன், இந்தத் தடவ நான் சொல்றத எல்லாரும் கேளுங்க. என் உடம்புல ஊறுனது விஷமா இருந்தா முதல்ல நானில்ல செத்திருக்கணும்?"

ராஜா திரும்பிப் போகல. வாசல்லயே உக்காந்துட்டார். மூணாம் நாள் அவ தானா கதவைத் தொறந்து, புள்ளையக் கொண்டாந்து அவரு மடியில போட்டா. போட்டாளோ இல்லையோ, பட்டு வேட்டி மேல சர்ருனு ஒண்ணுக்குப் போனான் பாரு! ராஜா வேட்டியப் பாக்குறார், புள்ளையப் பாக்குறார், சிரிக்கிறார், அழுகுறார். "நனைஞ்சா நனையட்டும், என் புள்ள முழுசா இருக்கான்"னு அவனக் கட்டிக்கிட்டார்.

அதோட அமிர்தலிங்கம் பேசாம போயிருக்கலாம்ல? போவாரா? முன்னால வந்து நின்னு, "எல்லாம் புள்ள பொறந்த அன்னிக்கு நான் வச்ச மூணு சொட்டோட மகிமை. என் சேனைத்தண்ணி மூணு சொட்டு போதும் ராஜா, மலையையே தூக்கலாம்"னார்.

காராயி அமைதியா கேட்டா, "அவ்வளவு தெம்பாய்யா அதுல?"

"பின்ன!"

"அப்ப ஐயாவும் மூணு நாளைக்கு அதையே சாப்பிடட்டும்."

ராஜாவும் அப்படியே ஆகட்டும்னுட்டார். ஒரு அறையில விட்டுப் பூட்டுனாங்க. காலையில மூணு சொட்டு, மத்தியானம் மூணு சொட்டு, சாயங்காலம் மூணு சொட்டு. முதல் நாள் மீசைய முறுக்கிக்கிட்டு இருந்தார். ரெண்டாம் நாள் மீச தொங்கிப் போச்சு. மூணாம் நாள் மத்தியானம் "பசிக்குதே, நாக்கு ஒட்டுதே, யாராவது வாங்களேன்"னு அரண்மனையே கேக்குற மாதிரி அழுதார். காவக்காரங்க எல்லாரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

காராயி மட்டும் சிரிக்கல. அந்த அழுகை காதுல விழுந்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளல. புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரு சட்டி கஞ்சியை எடுத்துட்டு அவளே போய்க் கதவைத் தொறந்தா. "மெதுவா குடிங்க"ன்னு சட்டிய அவரு கையில குடுத்தா. அவரு மடக்கு மடக்குன்னு குடிச்சார். குடிச்சு முடிக்கிற வரைக்கும் அவ பக்கத்துலயே நின்னா. அப்புறம் சொன்னா:

"ஐயா, என் மூத்தவளும் மூணாம் நாள் இப்படித்தான் அழுதா. அவளுக்குப் பேசத் தெரியல, அதான் பசிக்குதுன்னு சொல்லல. சாயங்காலத்துக்கப்புறம் அழவே இல்ல. நீங்க, தெம்பு வந்துருச்சு, அதான் அழுகை நின்னுருச்சுன்னு சொன்னீங்க."

அமிர்தலிங்கம் கையில இருந்த சட்டி கீழ விழுந்துச்சு. "எங்கப்பன் செஞ்சான், நானும் செஞ்சேன் தாயி. இது சரியான்னு ஒரு நாளுகூட யாரையும் நான் கேக்கலயே"ன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டார்.

"அடிச்சுக்கிட்டா அவ வரமாட்டா. எந்திரிச்சு வாங்க, வேலை இருக்கு"ன்னா காராயி.

என்ன வேலை தெரியுமா? அந்தச் சீமையில எந்த வீட்டுல குழந்தை பொறந்தாலும் முதல் ஆளா அமிர்தலிங்கம் போய் நிக்கணும். கைய நல்லாத் தேச்சுக் கழுவிக்கிட்டு, வாசல்ல நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லணும்: "ஆத்தா, புள்ளைய உடனே மார்ல போடு. மஞ்சப்பாலைக் கீழ விடாத. நான் அமிர்தலிங்கம் வந்திருக்கேன், தெரியாம எத்தனையோ புள்ளைங்களப் பட்டினி போட்டவன் நான்தான்." ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லணும், சாகுற வரைக்கும் சொல்லணும். சொன்னார்.

செத்துப்போன அந்த மூத்த மகளுக்குக் காராயி அப்புறமா ஒரு பேரு வச்சா. என்ன பேருன்னு யாருகிட்டயும் சொல்லல, அவளுக்கும் ராஜாவுக்கும் மட்டுந்தான் தெரியும். பூவரசங்காட்டுப் புள்ளைங்க எல்லாம் வயிறு நெறஞ்சு தூங்கிப்போச்சு, கதையும் தூங்கப் போச்சு, நீங்களும் காலை நீட்டுங்க.