ஆறிப்போன மஞ்சள் பால்

காது கொடுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. மலைகள் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்த காலத்தில் வில்லவராயன் என்றொரு ராஜா இருந்தார். போர்க்களத்தில் அஞ்சாதவர், சோற்றுத் தட்டைக் கண்டால் நடுங்குவார். எதில் யார் விஷம் வைத்திருக்கிறார்களோ என்று அத்தனை சந்தேகம்.

அதனால் அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜாவுக்குப் போகும் எதையும் முதலில் மூன்று பேர் ருசி பார்க்க வேண்டும். முதலில் வாளேந்தி, அடுத்து ஜோசியர், கடைசியில் ராஜாவின் தாய்மாமன். ஆளுக்கு மூன்று வாய். சாப்பிட்டவர் ஒரு நாழிகை உட்கார்ந்து, உயிரோடுதான் இருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டு, அடுத்தவரிடம் தள்ளுவார்.

ஒரு மார்கழியில் ராஜாவுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. மடைப்பள்ளியில் சமைக்கும் வடிவாச்சியைக் கூப்பிட்டார்.

"மூணு நாள்ல என் தொண்டை சரியாகணும். இல்லேன்னா அரண்மனையை விட்டே போயிடு" என்றார். பாதி குரல், மீதி காற்று.

பதினெட்டு வருஷமாக அந்த அடுப்படிதான் வடிவாச்சிக்கு வீடு. வேறு போக்கிடம் கிடையாது. விரலி மஞ்சளை இடித்துச் சலித்தாள். பாலில் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டாள். நாலு மிளகைத் தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு கரைத்து, ஆவி பறக்க அனுப்பிவைத்தாள்.

முதல் நாள் வாளேந்தியின் பழைய இருமல் நின்றது. இரண்டாம் நாள் ஜோசியரின் மூக்கடைப்பு திறந்தது. தாய்மாமனோ இரண்டு நாளும் பகலிலேயே குறட்டை விட்டுத் தூங்கினார். ராஜாவின் தொண்டை மட்டும் அப்படியே இருந்தது.

திரும்பி வந்த கிண்ணத்தை வடிவாச்சி பார்த்தாள். மேலே ஆடை கட்டியிருந்தது, அடியில் மஞ்சள் வண்டலாகத் தங்கியிருந்தது. தொட்டால் கிணற்றுத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. அவளுக்கு விஷயம் புரிந்தது, கோபமும் வந்தது.

மூன்றாம் நாள் அவள் பாலே அனுப்பவில்லை.

வாளேந்தி கேட்டார். ஜோசியர் கேட்டார். தாய்மாமன் சத்தமே போட்டார். அந்தச் சத்தத்தில் ராஜாவே மடைப்பள்ளிக்கு வந்துவிட்டார். மூன்று பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

"பால் எங்கே?"

"அடுப்பில இருக்குங்க மகாராஜா. மூணு பேரைத் தாண்டி உங்ககிட்ட வர்றதுக்குள்ள அது பச்சைத் தண்ணியாயிடுது. சூடெல்லாம் அவங்களுக்கு, வண்டல்தான் உங்களுக்கு."

ஒரே சட்டியிலிருந்து இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள்.

"எது வேணுமோ நீங்க எடுத்துக்குங்க. மத்ததை நான் குடிக்கிறேன்."

ராஜா இந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்தார். வடிவாச்சி மற்றதை எடுத்து முதல் வாய் குடித்தாள். அவரும் ஊதி ஊதிக் குடித்தார். மிளகு தொண்டையைச் சுரண்டியது, பால் பின்னாலேயே இதமாக இறங்கியது. கட்டியிருந்த சளி இளகியது.

தாய்மாமன் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினார். "மருமகனே, எதுக்கும் நான் ரெண்டு வாய் பார்த்துட்டுத் தரேன்."

"நீங்க பார்த்தது போதும் மாமா" என்றார் ராஜா. குரல் மடைப்பள்ளி முழுக்கக் கேட்டது.

வடிவாச்சி அந்த அடுப்படியிலேயே இருந்தாள். ராஜாவும் அங்கேயே வந்து குடித்தார்.

அதனால் சொல்கிறேன்: யாரையும் நம்பாதவனுக்கு, அக்கறையோடு கொடுப்பதும் ஆறிப்போய்த்தான் வந்துசேரும்.